அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் தாருங்கள்: வெள்ளவத்தைத் தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் முகாமைத்துவக் குழுத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நான்காம் மாடியில் இருக்கிறேன். உங்களில் சிலரோடு ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறேன். சிலரைக் கோயிலிலும் சந்தையிலும் காண்கிறேன். நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் யாராவது தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்க, கதை அங்கே போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஒக்டோபரில் ஒரு காலை, ஆறரை மணி இருக்கும். பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளக் கண்ணாடியில் ஏதோ அடிபட்ட சத்தம் கேட்டது. பிள்ளைகள் எறிந்த பந்து என்று நினைத்துக் காவலுக்கு நிற்கும் தம்பி எழும்பி வந்தார். படியில் ஒரு குருவி கிடந்தது. முதுகு பச்சை, செட்டையில் ஒரு பளிச்சென்ற நீலத் திட்டு, வயிறு சந்தன நிறம், வாலின் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டி. வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் கட்டை. வாய் திறந்திருந்தது, நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மதிலில் அதற்குள் இரண்டு காகங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

தம்பி ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. "அம்மா, இது எங்கட லயத்துக்குப் பின்னாலயும் வரும்" என்று சொல்லிக்கொண்டே காகங்களை விரட்டினார். நான் மேலே ஓடிப்போய் ஒரு சப்பாத்துப் பெட்டியும் பழைய துவாய்த் துண்டும் கொண்டுவந்தேன். மூடியில் நாலைந்து துளை போட்டு, குருவியை உள்ளே வைத்து, மாடிப்படிக்குக் கீழே இருட்டில் விட்டோம். தண்ணீர் பருக்கவில்லை, சோறு வைக்கவில்லை. மயங்கிக் கிடக்கிற குருவியின் வாயில் தண்ணீர் விட்டால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பெட்டிக்குள் கால் பிறாண்டுகிற சத்தம் வந்தது. பின்வளவில் ஜாம்பழ மரத்தடிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தோம். சருகுக்குள் இரண்டு தத்துத் தத்தி நின்று எங்களைப் பார்த்தது, பிறகு மதிலுக்கு மேலால் பறந்து போய்விட்டது.

அதுதான் ஆறுமணிக்குருவி. விடியும்போதும் மைம்மல் பொழுதிலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிப்பதால் தமிழில் அந்தப் பெயர். சிங்களத்தில் அவிச்சியா. எங்கள் மாடிப்படிகளைத் துடைக்க வரும் அம்மா அதன் கதையைச் சொன்னார்: கலியாண வீட்டுக்குப் போக மயில் அதனிடம் உடுப்பை இரவல் வாங்கிப் போனதாம், திருப்பித் தரவே இல்லையாம், அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் அழுகிறதாம். இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டெம்பர், ஒக்டோபரில் தெற்கே இறங்கி, கடல் கடந்து இலங்கைக்கு வருகிறது. ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகிறது. கைக்குள் அடங்குகிற ஒரு உயிர் இரவு இரவாகப் பறந்து, பாக்கு நீரிணையைத் தாண்டி, களைத்து விழுந்து வந்து சேரும் கரைகளில் ஒன்று நம்முடைய மரீன் டிரைவ். அங்கே அதற்கு நாம் வைத்திருப்பது விடிய விடிய எரியும் விளக்கும், வானத்தையும் மரத்தையும் அப்படியே காட்டும் கண்ணாடியும்.

அதே மாதம் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொன்று அடிபட்டது. அது பிழைக்கவில்லை. குப்பைப் பையோடு போய்விட்டது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஒழுங்கைகளில் எது வாழும் எது சாகும் என்பதை இப்போது பெருமளவு தீர்மானிப்பவர்கள் நீங்கள். முன்பு தனி வீடுகள் இருந்தன. வளவில் ஒரு மா, ஒரு பலா, நாலு தென்னை நிற்கும். எதை வெட்டுவது என்பது அந்தந்த வீட்டுக்காரரின் பாடு. இன்றைக்கு ஒரு கட்டடத்தில் நாற்பது குடும்பம் என்றால், மரத்தை வெட்டுவதும், பல்கனிக்கு வலை அடிப்பதும், எலிக்கு மருந்து வைப்பதும், மொட்டைமாடியில் எந்த விளக்கு எத்தனை மணிவரை எரிவதும் மூன்று பேர் ஒப்பமிடும் ஒரு தாளில் முடிந்துபோகிறது. அந்தத் தாளில் ஒப்பமிடுமுன் ஒருவர் போய் மேலும் கீழும் பார்த்துவிட்டு வரவேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

விளக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் செலவு இல்லை, மிச்சம்தான். ஒக்டோபரிலும் நவம்பரிலும் இரவு பத்து மணிக்குப் பிறகு மொட்டைமாடியின் அலங்கார விளக்குகளையும், சுவரைக் கீழிருந்து மேலாக வெளிச்சமிடும் விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். படிக்கட்டு, வாசல், வாகனத் தரிப்பிடம் எல்லாம் எரியட்டும். இரவில் பறக்கும் பறவைகளை வெளிச்சம் திசை மாற்றி இழுக்கிறது. இறங்கியவை விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தை மரம் என்று நம்பிப் பாய்கின்றன. அந்தக் கண்ணாடிக்கு ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வெற்றுக் கண்ணாடியில் குருவி மோதும். வெளிப்பக்கத்தில், இரண்டு அங்குல இடைவெளியில், புள்ளியாகவோ கோடாகவோ கண்ணாடி முழுக்க அடையாளம் இருக்கவேண்டும். வெளியே ஒட்டினால்தான் பிம்பம் உடையும். கட்டடம் முழுவதற்கும் செய்யச் சொல்லவில்லை. எந்தக் கண்ணாடிக்கு எதிரே மரம் நிற்கிறதோ, அந்தக் கண்ணாடிக்கு மட்டும் செய்தாலே பெரிய உதவி. எங்கள் கட்டடத்தில் அது கீழ்த்தள வாசலும் அதற்குப் பக்கத்து யன்னலும்தான்.

ஆறுமணிக்குருவி தரையில் இரை தேடுவது. சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்னும். நம் பின்வளவுகளில் இருக்கும் முழத்துண்டு மண்ணைக்கூட நாம் தினமும் தும்புத்தடியால் வழித்தெடுத்துப் பொலித்தீன் பையில் கட்டி அனுப்புகிறோம். ஒரு மூலையில், மரத்தைச் சுற்றி ஆறடிக்கு, சருகை அப்படியே விடச் சொல்லுங்கள். துப்புரவு செய்பவருக்கு வேலையும் குறையும். அந்தச் சருகுக்குள் பிளாஸ்டிக் கோப்பையோ சிரட்டையோ மட்டும் கிடக்கக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனி மரத்தைப் பற்றி. இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதவேண்டும். எங்கள் சமையலறை யன்னலுக்கு எதிரே, அடுத்த காணியில் ஒரு கறுத்தக் கொழும்பான் மா நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாள் இயந்திரத்தோடு மூன்று பேர் வந்தார்கள். முக்கால் மணித்தியாலத்தில் மரம் தரையில். யாருடைய முடிவு, எந்தக் கட்டடம் என்று நான் எழுதப்போவதில்லை. வேர் மதிலைத் தள்ளியது என்றார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வெட்டுமுன் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. தும்பும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய அணில்கூடு ஒன்று அதில் இருந்தது. அந்தத் தாய் அணில் மதிலில் ஏறி இறங்கி, வாலை அடித்து அடித்து, பொழுது சாயும்வரை கத்தியது. குஞ்சுகளைத் தேடி நான் கீழே போகும்போது கிளைகளை ஏற்கெனவே லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் போதும். கூடு இருக்கும் கிளையை விட்டு மற்றக் கிளைகளை முதலில் வெட்டி, வேலையை ஒரு நாள் நிறுத்தியிருந்தால், தாய் அணில் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும். அணில் அதைச் செய்யும், நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தவறிக் குஞ்சு கீழே விழுந்துவிட்டால், மூடாத பெட்டியில் துணியைப் போட்டு, அதே இடத்துக்குக் கிட்ட, காகம் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பசுப்பால் கொடுக்காதீர்கள், அது அதற்குச் செமிக்காது. பறக்கப் பழகும் குருவிக்குஞ்சும் அப்படித்தான். தரையில் தத்திக்கொண்டிருந்தால் அநாதை என்று அர்த்தமில்லை. தாயும் தகப்பனும் பக்கத்து மரத்தில் இருந்து கத்திக்கொண்டிருக்கும். பூனை வந்தால் மட்டும் தூக்கிப் பற்றையில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் ஊரில் சொல்வது சரியில்லை.

குறைமட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் கட்டடத்துக்கு வர்ணம் பூச வந்தபோது, இரண்டாம் மாடி நடைபாதையின் விளக்குத் தாங்கிக்கு மேல் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. சிங்களத்திலும் அதற்குக் கொண்டயா என்றுதான் பெயர், இரண்டு மொழிக்காரரும் அதன் தலையைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறோம். அப்போதைய செயலாளர் ஐயா வந்து பார்த்தார். கூட்டில் மூன்று முட்டை. "அந்தப் பக்கத்தைக் கடைசியில் பூசுங்கோ" என்று ஒரு சொல்தான் சொன்னார். அந்த விளக்கைப் போடாமல் கைமின்விளக்கோடு நடந்தோம். கொண்டைக்குருவிக்கு முட்டையிலிருந்து குஞ்சு வெளிவர இரண்டு கிழமை, குஞ்சு பறக்க இன்னும் கொஞ்சம் குறைய இரண்டு கிழமை. ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்த மாடிப் பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்ததும் நேரே அங்கேதான் ஓடினார்கள். அதில் ஒருத்தி இன்றைக்கும் குருவிகளைப் பற்றிக் கொப்பி எழுதுகிறாள். அந்த ஐயா இப்போது கனடாவில் இருக்கிறார். இந்த மடல் அவர் கண்ணில் பட்டால், நன்றி ஐயா.

தண்ணீருக்கு வருகிறேன். மார்ச், ஏப்ரல் வெயிலில் பல்கனியில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைத்தால் காகம், மைனா, புறா, அணில் எல்லாம் வரும், சில நாள் செண்பகம்கூட வரும். ஆனால் நம்மில் பலர் வைக்கப் பயப்படுகிறோம், டெங்கு. பயம் நியாயமானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் நுளம்புக் குடம்பிக்கு வழக்குத்தான். எங்கள் கட்டடத்திலேயே ஒரு பிள்ளை டெங்கு வந்து பத்து நாள் வைத்தியசாலையில் கிடந்தது, அந்தத் தாயின் முகத்தை நான் மறக்கமாட்டேன். அதனால் இதைச் சரியாகச் சொல்லவேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு கிழமை வேண்டும். தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் அதற்கு அவகாசம் கிடையாது. ஆனால் கொட்டுவது மட்டும் போதாது. அந்த நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி கிடந்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே சட்டியின் உட்பக்கத்தைத் தும்பால் உரசிக் கழுவவேண்டும். ஊருக்குப் போகும் நாளில் சட்டியைக் காயவைத்துக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் தண்ணீர் வைக்கவேண்டாம், உண்மையாகவே வேண்டாம். செய்யக்கூடியவர்கள் பெயரைக் குழு எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஒரு கட்டடத்துக்கு இரண்டு சட்டி போதும், வீட்டுக்கு ஒன்று தேவையில்லை.

காகத்துக்குச் சோறு வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரதத்துக்கு ஒரு பிடி வைப்பது நம் வழக்கம், நானும் வைக்கிறேன். ஆனால் மிச்சச் சோற்றையும் கறியையும் தினமும் மதிலில் கொட்டுவது விரதத்தில் சேராது. கொழும்பில் காகம் இவ்வளவு பெருகியிருப்பது நம்முடைய குப்பையால். காகம் பெருகினால் சின்னக் குருவிகளின் முட்டையும் குஞ்சும் போகும்.

பல்கனி வலை: புறா எச்சத்தால் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும், வலை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இறுக்கமாக, கீழ் விளிம்பு தொங்காமல் அடிக்கச் சொல்லுங்கள். தளர்ந்த விளிம்பில்தான் தேன்சிட்டும் அணிலும் சிக்குகின்றன. எலிப்பசை அட்டையை எந்தக் காரணத்துக்கும் வாங்காதீர்கள். அதில் ஒட்டிக்கொண்டு பல்லியும் குருவியும் உயிரோடு கிடந்து சாகிற சாவை ஒருமுறை கண்டால் நீங்களே நிறுத்திவிடுவீர்கள். எலி மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை, தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்கிற ஆந்தையும் மருந்தைத் தின்கிறது. ஆந்தை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அது கத்துகிற இடத்தில் எலி குறையும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லுங்கள். குப்பை அறைக் கதவின் அடியில் இருக்கும் இடைவெளியைத் தகடு வைத்து மூடினாலே மருந்தின் தேவை பாதியாகும்.

கால்வாய்க் கரையில் இருக்கும் கட்டடங்களுக்கு இன்னொன்று. கபரகொய்யா, அதாவது நீர் உடும்பு, வாகனத் தரிப்பிடத்துக்குள் வந்துவிட்டால் தடியெடுக்கவேண்டாம். ஆறடி நீளத்தில் அது நாக்கை நீட்டி வரும்போது பயம் வருவது இயல்பு. ஆனால் அது மனிதரைத் தேடி வருவதில்லை. வழியை மறிக்காமல் படலையைத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் நாயையும் உள்ளே கூப்பிட்டால் வந்த வழியே போகும். செத்த மீன், எலி, நண்டு, அழுகிய இறைச்சி எல்லாவற்றையும் தின்று கால்வாயைச் சுத்தமாக்குவது அதுதான். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, கொன்றால் குற்றம். வெள்ளவத்தைக் கால்வாயின் பாலத்தில் காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நீர்க்காகம் செட்டையை விரித்து உலர்த்தும், கொக்கு நிற்கும், மீன்கொத்தி ஒரு நீலக் கோடு இழுத்ததுபோல் போகும். அந்தக் கால்வாய் கிருலப்பனைப் பக்கமாகப் போய்க் கோட்டே ஈரநிலங்களோடு சேர்கிறது. அந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்னும் வாழ்கிறது, ஒரு தலைநகரத்துக்குள்! 2018இல் டுபாயில் நடந்த, ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் மாநாட்டில் உலகத்தின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பை அங்கீகரித்தார்கள். பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தப் பெயர் நம்முடைய ஒழுங்கைக்கும் உரியது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

காயப்பட்ட விலங்கையோ பாம்பையோ கண்டால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இந்த இலக்கத்தைத் தீயணைப்பு இலக்கத்துக்குப் பக்கத்தில், காவலாளியின் மேசைக்கு மேலே, மூன்று மொழியிலும் ஒட்டச் சொல்லுங்கள். அந்த மேசைக்குக் கீழே துளை போட்ட ஒரு சப்பாத்துப் பெட்டியும் இருக்கட்டும். கட்டடத்தில் முதலில் எதையும் காண்பவர்கள் காவலாளிகளும் துப்புரவு செய்பவர்களும்தான். எங்கள் தம்பியிடம் கேட்டால் எந்தக் குழாய்க்குள் எந்தக் குருவி குடியிருக்கிறது என்று சொல்வார். வருடத்தில் ஒரு முறையாவது அவர்களைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, ஒரு கதிரை கொடுத்து, என்ன கண்டார்கள் என்று கேளுங்கள்.

இது ஓகஸ்ட். குருவிகள் வந்து இறங்க இன்னும் ஆறேழு கிழமை இருக்கிறது. எங்கள் குழு அடுத்த மாதம் முதல் ஞாயிறு கூடுகிறது. அன்றைக்குக் கீழ்த்தளக் கண்ணாடிக்கு ஒட்டத் தேவையான நாடாவை நான் என் காசில் வாங்கி வருகிறேன், குருவிக் கொப்பி எழுதும் பிள்ளையும் தம்பியும் சேர்ந்து ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றக் கட்டடங்களில் யாருக்காவது எப்படி என்று பார்க்க விருப்பமிருந்தால், காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். தேத்தண்ணி என்னுடைய பொறுப்பு.

இப்படிக்கு,
நான்காம் மாடியிலிருந்து ஒரு குடியிருப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6